மகளும் பங்காளிதான்: பெண்ணின் சொத்துரிமை சட்டத்திலும் தீர்ப்பிலும் வளர்ந்த கதை (கேள்வி பதில்)

1996-ஆம் ஆண்டு, என் தாத்தா காலமான மறு வருடம், அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். நானும் உடன் போயிருந்தேன். புங்கமர நிழலில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர் பத்திரத்தை மூச்சுவிடாமல் வாசித்தார். "ஒரு கையெழுத்துதான் அக்கா, சம்பிரதாயம்" என்றார் சின்ன மாமா. அம்மா கையெழுத்துப் போட்டார், கட்டைவிரலில் மை தடவிக் கைரேகையும் வைத்தார். வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த மையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எனக்குத்தான் ஒன்றும் கிடையாது என்றார்களே, பிறகு எதற்கு என் கையெழுத்து?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்கத் தொடங்கியதுதான் இந்தப் பக்கம். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் பற்றியது. மற்றச் சமயத்தினர் பற்றியும் பழங்குடியினர் பற்றியும் பின்னால் வருகிறது.

அந்தக் காலத்தில் மகளுக்குச் சொத்தில் ஒன்றுமே இல்லையா?

கூட்டுக் குடும்பச் சொத்தில் இல்லை. தமிழகத்தில் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் பின்பற்றிய மிதாட்சர முறைப்படி, பூர்வீகச் சொத்தில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோருக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. ஆண் ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு மிச்சமிருக்கும் ஆண்களிடம் சேர்ந்துவிடும். மகளுக்கு உண்டானது திருமணம் ஆகும்வரை சோறும் துணியும், பிறகு திருமணச் செலவும்.

நம் பேச்சு வழக்கிலேயே இது படிந்திருக்கிறது. பங்கு உள்ளவர் பங்காளி. ஆனால் அந்தச் சொல்லை ஆண் வழி உறவுக்கு மட்டும்தான் சொல்கிறோம். உடன் பிறந்த பெண்ணை யாரும் பங்காளி என்று சொன்னதில்லை. நாடு முழுவதும் அவளைப் பங்காளி ஆக்கச் சட்டத்துக்கு 2005 வரை பிடித்தது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒருவர் தானே சம்பாதித்த சொத்துக்கு மகனோ விதவை மனைவியோ இல்லாதபோது, பழைய முறையிலும் மகள் வாரிசாக வர முடிந்தது. இது பலருக்கும் மறந்துபோன செய்தி. இதை வைத்து 2022-இல் ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. கீழே சொல்கிறேன்.

முதல் மாற்றம் எப்போது வந்தது?

1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம்தான் தொடக்கம். கணவர் இறந்தால் கூட்டுக் குடும்பத்தில் அவருக்கிருந்த பங்கு விதவைக்கு வரும் என்றது. ஆனால் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். தக்க காரணம் இல்லாமல் விற்க முடியாது, எழுதி வைக்கவும் முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு சொத்து கணவரின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். விவசாய நிலத்துக்கு இது பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சொத்தென்றால் நிலம் என்றே இருந்த ஊரில் அது எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்? பிறகு 1947-இல் சென்னை மாகாணம் தனிச்சட்டம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் சேர்த்தது.

மகளுக்கு இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

1929 செங்கல்பட்டு மாநாட்டுத் தீர்மானத்தைச் சொல்கிறார்களே, அது சட்டமானதா?

உடனே ஆகவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து 1989-இல் தமிழ்நாட்டு அரசு சட்டம் கொண்டுவந்தபோது இந்தத் தீர்மானத்தை நினைவுகூர்ந்தார்கள். அந்த அறுபது ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பெண்கள் ஒன்றுமில்லாமல் பிறந்த வீட்டைவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அம்பேத்கர் பதவி விலகியது இதற்காகத்தானா?

அவர் சொன்ன காரணங்களில் இது முக்கியமானது. திருமணம், தத்து, வாரிசுரிமை அனைத்தையும் ஒரே சட்டத் தொகுப்பாக்கி மகளுக்கும் பங்கு தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைச் சட்ட அமைச்சராக அவர் நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. குடும்பம் சிதறும், நிலம் துண்டு துண்டாகும் என்றார்கள். நிலத்தை நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டால் அது துண்டாகாதா என்று கேட்டவர்கள் குறைவு. மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951-இல் அம்பேத்கர் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1952 தேர்தலுக்குப் பிறகு, நேருவின் அரசு அதை நான்கு சட்டங்களாகப் பிரித்து 1955, 1956-ஆம் ஆண்டுகளில் நிறைவேற்றியது. அவற்றில் ஒன்றுதான் 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம்.

1956 சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு கொடுத்துவிட்டது என்கிறார்களே?

பாதி உண்மை. தந்தையின் தனிச்சொத்தைப் பொறுத்தவரை கொடுத்தது. உயில் எழுதாமல் அவர் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் அனைவருக்கும் சம பங்கு.

பூர்வீகச் சொத்தில்தான் சூட்சுமம். எங்கள் குடும்பக் கணக்கையே சொல்கிறேன். தாத்தாவுக்கு ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம். இரண்டு மாமாக்கள், அம்மா. பாட்டி முன்பே காலமாகிவிட்டார். 1956 சட்டப்படி, தாத்தா இறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு பாகப்பிரிவினை நடந்ததாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்தப் பிரிவினையில் மகளுக்கு இடமில்லை. தாத்தாவுக்கு மூன்று ஏக்கர், மாமாக்களுக்கு மும்மூன்று ஏக்கர். பிறகு தாத்தாவின் மூன்று ஏக்கரை மட்டும் பிள்ளைகள் மூவருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. ஆக, மாமாக்களுக்கு நான்கு நான்கு ஏக்கர், அம்மாவுக்கு ஒரே ஒரு ஏக்கர்.

அந்த ஒரு ஏக்கர்தான் அம்மாவின் கேள்விக்குப் பதில். உரிமை இல்லாதவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. அன்றைக்கு அவர் போட்டது சம்பிரதாயக் கையெழுத்து அன்று. ஒரு ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தார். வாய்க்கால் ஓரத்து நஞ்சை. அதில் எந்த மூலையில் எந்த வருடம் என்ன நட்டார்கள் என்பது அம்மாவுக்கு இன்றும் மனப்பாடம்.

குடியிருக்கும் வீட்டில் மகள் பங்கு கேட்க முடியாது என்று ஒரு விதி இருந்ததாமே?

இருந்தது. 1956 சட்டத்தின் 23-ஆம் பிரிவு. தந்தை விட்டுச் சென்ற வீட்டில் குடும்பத்தார் குடியிருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. அங்கே தங்கும் உரிமைகூட, மணமாகாத, கணவரால் கைவிடப்பட்ட, கணவரைப் பிரிந்த அல்லது கணவரை இழந்த மகளுக்கு மட்டும்தான். பங்கு உண்டு, ஆனால் அண்ணன் மனது வைத்தால்தான் கையில் கிடைக்கும். 2005-இல் இந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள்.

விதவைக்கு வந்த சொத்தை அவர் விற்கலாமா?

விற்கலாம். 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண் வசமுள்ள சொத்தை அவருடைய முழு உரிமைச் சொத்தாக்கியது. இருந்தாலும் "இது ஜீவனாம்சத்துக்குக் கொடுத்தது, வாழ்நாள் அனுபவம் மட்டும்தான்" என்று பத்திரத்தில் எழுதி மறிக்கப் பார்த்தார்கள். ஆந்திரத்தைச் சேர்ந்த துளசம்மா என்ற விதவையின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இந்துப் பெண்ணின் ஜீவனாம்சம் கருணையால் கொடுப்பதன்று, அவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமை. அந்த உரிமைக்கு ஈடாக வந்த சொத்து முழுமையாக அவருடையது என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. சமரசப் பத்திரத்தில் என்ன கட்டுப்பாடு எழுதியிருந்தாலும் செல்லாது என்றது நீதிமன்றம். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இதுதான். தானம் என்று சொல்லிக் கொடுத்ததை உரிமை என்று திருத்தி எழுதியது.

தமிழ்நாட்டின் 1989 சட்டம் என்ன செய்தது?

மகளையும் மகனைப் போலவே பிறப்பால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குதாரர் ஆக்கியது. கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது வந்த திருத்தம் இது. 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியாகும். நாட்டில் இதற்கு முன்னோடி ஆந்திரம், அங்கே என்.டி.ராமராவ் காலத்தில் வந்தது. கேரளம் வேறு வழியில் போனது: 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல் சேர்ந்துகொண்டன. மத்தியச் சட்டம் திருந்துவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு இதைச் செய்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் ஒரு கதவைச் சாத்தியே வைத்தார்கள். 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த பாகப்பிரிவினையையும் தொட முடியாது. அம்மாவுக்குத் திருமணம் நடந்தது 1983-இல். ஒரே வீட்டில் பிறந்த அக்கா, தங்கை இருவரில், 1988-இல் மணமான அக்காவுக்குப் பங்கில்லை, 1990-இல் மணமான தங்கைக்குப் பங்குண்டு. முகூர்த்த நாள் பார்த்துக் கொடுத்த தேதி சொத்துரிமையைத் தீர்மானித்தது. இப்படிப் பிரிந்த சகோதரிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அக்காவின் ஆற்றாமை தங்கை மேல் திரும்பியது. சட்டத்தின் மேல் அன்று.

2005 திருத்தம் இதைச் சரிசெய்ததா?

செய்தது. 2005 செப்டம்பர் 9 முதல், நாடு முழுவதும், மணமானவரோ ஆகாதவரோ, மகள் பிறப்பாலேயே பங்காளி. மகனுக்கு என்னென்ன உரிமையோ அவ்வளவும் உண்டு, சொத்தின் மேலுள்ள பொறுப்புகளும் அதே அளவு உண்டு. எங்கள் ஒன்பது ஏக்கரை இந்தக் கணக்கில் பிரித்தால் மாமாக்களுக்கு மூன்று மூன்று, அம்மாவுக்கும் மூன்று.

ஒரு எல்லை இருக்கிறது. மசோதா மாநிலங்களவையில் வைக்கப்பட்ட 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ நடந்த பிரிவினையைத் திறக்க முடியாது. அந்தத் தேதிக்கு முன் செய்த விற்பனைகளும் அப்படியே நிற்கும். 1996-இல் பதிவான எங்கள் பத்திரம் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. நீங்கள் அம்மா வயதுக்காரராக இருந்து உங்கள் குடும்பத்தில் பதிவுப் பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை என்றால், 1989-க்கு முன் மணமானவராக இருந்தாலும் உங்களுக்குப் பங்கு உண்டு. இதை இன்னும் பலர் தெரிந்துகொள்ளவில்லை. "உனக்குக் கல்யாணம் ஆனது எண்பத்தைந்தில், சட்டம் உனக்குப் பொருந்தாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது காலாவதியான பதில்.

அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டார். அப்போதும் பங்கு உண்டா?

உண்டு. ஆனால் இந்த ஒற்றைச் சொல் பதிலுக்காகப் பெண்கள் பதினைந்து ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது.

சட்டத்தில் இது வெளிப்படையாக எழுதப்படவில்லை. உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொன்று சொல்லின. 2015-இல் பிரகாஷ் எதிர் புலவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005 செப்டம்பர் 9 அன்று தந்தையும் உயிரோடு இருந்திருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-இல் தானம்மா வழக்கில், 2001-லேயே தந்தையை இழந்த மகள்களுக்கு அதே நீதிமன்றம் பங்கு கொடுத்தது. இரண்டுமே இரு நீதிபதிகள் அமர்வு. கீழ் நீதிமன்றம் எதைப் பின்பற்றுவது? அந்த ஆண்டுகளில் வழக்காடிய பெண்களுக்கு, தங்கள் வழக்கு எந்த நீதிபதி முன் வருகிறது என்பதே தலையெழுத்தாகிப் போனது.

2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு இதை முடித்து வைத்தது. பங்குரிமை பிறப்பால் வருவது. பிறப்பால் வருவதற்குத் தந்தை எந்தத் தேதியில் இருந்தார், இறந்தார் என்பது கணக்கில்லை. 1956 சட்டம் சொன்ன அந்தக் கற்பனைப் பிரிவினையும் இறந்தவரின் பங்கைக் கணக்கிடத்தானே தவிர, உண்மையில் நடந்த பிரிவினை ஆகாது. புலவதி தீர்ப்பு விலக்கப்பட்டது.

இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு அடைத்தது. "வாய்மொழியாக அப்போதே பிரித்துக்கொண்டுவிட்டோம்" என்று சகோதரர்கள் சொல்வதை எளிதில் ஏற்கக் கூடாது, பொது ஆவணங்களால் ஐயமறக் காட்டக்கூடிய அபூர்வமான நிலையில்தான் ஏற்கலாம் என்றது. ஊரில் நடக்கும் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மகள் பங்கு கேட்ட மறுநாளே எல்லா வீட்டிலும் ஒரு வாய்மொழிப் பிரிவினை பிறந்துவிடும்.

தந்தை 1956-க்கும் முன்பே இறந்திருந்தால்?

பூர்வீகச் சொத்தானால் மகளுக்கு வழியில்லை. தனிச்சொத்தானால் உண்டு என்பதைத்தான் 2022 ஜனவரி 20 அன்று அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் எடுத்தார். 1949-இல் இறந்தார். ஒரே மகள். நிலம் அந்த மகளுக்கா, கூட்டுக் குடும்பத்தில் மிச்சமிருந்த தம்பி மகனுக்கா என்பது கேள்வி. விசாரணை நீதிமன்றம் 1994-லும் உயர் நீதிமன்றம் 2009-லும் ஆண் பக்கம் சாய்ந்தன. உச்ச நீதிமன்றம் பழைய சாத்திர உரைகளையும் பழைய தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்து, தனிச்சொத்துக்கு மகள்தான் வாரிசு, இது 1956-இல் புதிதாக வந்த உரிமை அன்று, முன்பிருந்தே உள்ளது என்றது. அந்த மகள் 1967-லேயே இறந்துவிட்டார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

தாத்தா சொத்து என்றாலே பூர்வீகச் சொத்துதானா?

இல்லை. மிக அதிகமான குழப்பம் இங்கேதான். தாத்தா தானே சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயிலின்றி இறந்து, அது உங்கள் அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்தச் சொத்தில் அப்பா இருக்கும்வரை மகனுக்கும் பிறப்புரிமை இல்லை, மகளுக்கும் இல்லை. வழக்குப் போடும் முன் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று இரண்டையும் எடுத்து, சொத்து யாரால் எப்போது எப்படி வந்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். நல்ல வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அப்பா மகன்களுக்கு மட்டும் உயில் எழுதிவிட்டால்?

தன் சொத்தையும், கூட்டுச் சொத்தில் தன் பங்கையும் அவர் விருப்பப்படி எழுதலாம். மகளின் பங்கை எழுத முடியாது.

நகை போட்டோம், சீர் செய்தோம், படிக்க வைத்தோம். பிறகும் பங்கா?

ஆம், பிறகும் பங்குதான். சீர்வரிசையைப் பங்கில் கழிக்கலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். குற்றமான ஒன்றைப் பங்குக்கு ஈடாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்? மகனைப் படிக்க வைத்த செலவை, மகன் திருமணத்துக்குப் போட்ட பந்தலை யாரும் அவன் பங்கில் கழிப்பதில்லை. நகை பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் அடகுக் கடைக்குப் போகிறது. பாத்திரம் பரணில் கிடக்கிறது. நிலம் மட்டும் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது.

என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பப் பெற முடியுமா?

கடினம். விவரம் தெரிந்து, விருப்பத்தோடு, பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரம் உங்களைக் கட்டும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் உண்மை தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஏமாற்றினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

அதனால் கையெழுத்துக்கு முன்பே விழிப்பாக இருங்கள். பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து ஓர் இரவு வைத்துப் படியுங்கள். "சர்வே எண்" என்று வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, அது எந்த வயல், எந்த மனை என்று கேளுங்கள். "பட்டா மாற்றத்துக்கு", "லோனுக்கு", "ஆபீசில் கேட்கிறார்கள்" என்று சொல்லி வாங்கும் தாளின் தலைப்பில் விடுதலை, பாத்தியதை, செட்டில்மென்ட் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன், தம்பிமேல் பாசம் இருப்பதற்கும் பத்திரத்தைப் படிப்பதற்கும் பகையில்லை. அவர்கள் வங்கிக் கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்களா?

மனதார விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

பட்டா அண்ணன் பெயரில் மாறிவிட்டது. உரிமை போய்விட்டதா?

இல்லை. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அதுவே உரிமைக்கு முடிவான சான்று ஆகாது. ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கூட்டுச் சொத்திலிருந்து உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மணமாகிப் போன மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

கிறிஸ்தவ, முஸ்லிம், பழங்குடிப் பெண்களுக்கு?

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மகன், மகள் சமம். ஆனால் திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது: மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற ஆசிரியை உச்ச நீதிமன்றம் போய், 1986-இல் அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது என்று தீர்ப்பு வாங்கினார். கன்னியாகுமரி மாவட்டமும் முன்பு திருவிதாங்கூரில் இருந்ததுதான் என்பதால் இது நமக்கு அயல் கதை இல்லை.

முஸ்லிம் பெண்ணுக்கு ஷரியத் முறைப்படி பங்கு உறுதி, பொதுவாக மகனுடைய பங்கில் பாதி.

பட்டியல் பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் பழங்குடி மகள்கள் வழக்காற்றின் கையில் விடப்பட்டார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை மாற்ற ஆலோசிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரைச் சேர்ந்த ஒரு கோண்டு குடும்ப வழக்கில், பெண்ணுக்குப் பங்கில்லை என்று சொல்லும் வழக்காறு நிரூபிக்கப்படாதபோது அவளை ஒதுக்குவது சமத்துவத்துக்கு எதிரானது என்று பங்கு கொடுத்தது. சட்டம் இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலைதான்.

பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமே?

இதை யாரும் லேசாகச் சொல்லிவிடக் கூடாது. நம் ஊரில் காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டும். மகள் பெரியவளானால் முதல் சீர் அவரிடமிருந்து வர வேண்டும். கடைசியில் அவள் இறந்த அன்று கோடிச் சேலை வருவதும் பிறந்த வீட்டிலிருந்துதான். அந்த வாசலைச் சாத்திக்கொள்ளப் பெண்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. அம்மாவும் அதற்குத்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். பங்கு கேட்டதும் அறுந்துபோகிற உறவை யார் அறுத்தது? கேட்டவரா, கொடுக்க மறுத்தவரா? நான் அறிந்த ஒரு குடும்பத்தில் மூன்று அண்ணன்மாரும் தாங்களாகவே தங்கையை அழைத்து, அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நான்கு பாகமாக அளந்து கல் நட்டார்கள். தங்கை தன் பாகத்தை மூத்த அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறார். ஒவ்வொரு தை மாதமும் நெல் மூட்டை வருகிறது, அண்ணனும் வருகிறார்.

இன்னும் மாற வேண்டியது ஏதும் இருக்கிறதா?

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இருக்கிறது. ஓர் ஆண் உயிலின்றி இறந்தால் அவருடைய குடும்பத்துக்குச் சொத்துப் போகும். ஒரு பெண் உயிலின்றி, பிள்ளையும் கணவரும் இல்லாமல் இறந்தால், அவள் தானே சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்ற தாய், தந்தை அதற்கும் பின்னால்தான்.

2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு இது. திருமணமாகி மூன்று மாதத்தில் கணவரை இழந்த பெண்ணைப் புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பெற்றோர் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார், வங்கியிலும் சேமநல நிதியிலும் பணம் சேர்த்தார், 1996-இல் இறந்தார். உயில் இல்லை. நாற்பது ஆண்டுகள் எட்டிப் பார்க்காத புகுந்த வீட்டு வழியில், கணவருடைய சகோதரியின் மகன்களுக்கு அந்தப் பணம் போனது. பரிவு வேறு, சட்டம் வேறு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தப் பிரிவு மாறும்வரை, குழந்தையில்லாத பெண்கள், குறிப்பாகக் கணவரை இழந்தவர்கள், உயில் எழுதிவிடுவதுதான் வழி. வெள்ளைத் தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும், அவர்கள் சொத்துப் பெறுபவர்களாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, செய்துகொண்டால் பின்னால் தகராறு குறையும்.

என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளைகள் இல்லை, மாமா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மேலே சொன்ன வழக்கை அவரிடம் வாசித்துக் காட்டிய அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்து, இரண்டு சாட்சிகளோடு வரச் சொன்னார். நாங்கள் போனபோது, மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதும் அதே குண்டு எழுத்தில் உயிலை முழுக்க எழுதி முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருந்தார்.